தாண்டிப் படித்த வரி

நாற்பது நிமிடம் என்றால் எவ்வளவு நேரம் என்று கடிகாரம் பார்க்காமலே எனக்குத் தெரியும். எங்கள் வீட்டு மாடி அறையில் குடியிருந்த அண்ணனால் வந்த பழக்கம் அது. அண்ணனுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. திரையில் உள்ளதை வாய்விட்டுப் படித்துச் சொல்லும் ஒரு மென்பொருளை அவருடைய கணினியில் போட்டு வைத்திருந்தார். அதை வாங்குவது அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் எட்டாத காரியம். ஆகவே சோதனைப் பதிப்பு. நாற்பது நிமிடம் ஒழுங்காகப் பேசும். பிறகு பாதி வாக்கியத்தில் வாயை மூடிக்கொள்ளும். கணினியை அணைத்து மறுபடி போட்டால் இன்னொரு நாற்பது நிமிடம் கிடைக்கும். அணைத்துப் போடும் அந்த இடைவெளியில் அண்ணன் கொடியில் காயும் துணிகளை எடுத்து மடிப்பார், அல்லது மாடிப்படிக்கு வந்து, "மாப்ள, நாப்பது முடிஞ்சிருச்சு, டீ குடிக்க வாரேன்" என்று குரல் கொடுப்பார். போகப் போக அவருக்கு எல்லாமே நாற்பதுக் கணக்காகிவிட்டது. திருமங்கலம் போய்வர இரண்டு நாற்பது. தலைமுடி வெட்டிக்கொள்ள ஒரு நாற்பதுக்குக் கொஞ்சம் குறைவு. அப்போது இரண்டாயிரம் பிறந்து ஏழெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. திருநகரில் எங்கள் தெருவில் கணினி இருந்த வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அண்ணன் உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. பசுமலைப் பக்கம் ஒரு கல்லூரியில் எம்.ஏ. தமிழ் படித்துக்கொண்டிருந்தார். அவரைவிட நான் மூன்று வயது இளையவன். கணினி அறிவியல் மாணவன். எங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். மாடியில் இருப்பவருக்குப் புரியாது என்ற தைரியத்தில் அம்மா கீழே என்னை விதவிதமாகத் திட்டுவார். ஆறே மாதத்தில், அம்மா திட்டி முடிக்கவும் மாடியிலிருந்து சிரிப்புச் சத்தம் வரவும் சரியாக இருக்கத் தொடங்கியது. அதன் பிறகு அம்மா திட்டுவதைக் குறைக்கவில்லை, குரலைத்தான் குறைத்தார்.

அதே அம்மாதான் என்னை அண்ணனுக்கு ரீடர் ஆக்கினார். பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடப்புத்தகம் படித்துக் காட்டுபவரை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். கல்லூரி விட்டு வந்து சாயங்காலம் மாடியேறினால் ஒரு மணி நேரமாவது படிக்க வேண்டும். எனக்கு அது பிடித்திருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடக்க, பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர்கள் என்னைப் பார்த்து, "பெத்தவங்களுக்குப் புண்ணியம்ப்பா" என்பார்கள். மார்க்கு வாங்கி எடுக்காத நல்ல பெயரை இப்படி எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் நான் ஒன்றும் நேர்மையான ரீடர் இல்லை. பக்கம் நீளமாக இருந்தால் நைசாக ஒரு பத்தியைத் தாண்டிவிடுவேன். அடிக்குறிப்புகளைக் கண்டுகொள்வதே இல்லை. தொடக்கத்தில் உடனே மாட்டிக்கொண்டேன். "மாப்ள, ஒரு பத்திய முழுங்கிட்ட. திடுதிப்புன்னு ஆகவேங்குற. எதுக்கு ஆகவே?" என்பார். மாட்ட மாட்டத்தான் ஆள் தேறுவான். இரண்டு ஆண்டுகளில், எந்த இடத்தில் விட்டு எந்த இடத்தில் சேர்த்தால் ஒட்டுப் போட்டது காதுக்குத் தெரியாது என்பது எனக்குப் பழகிப்போனது. அவருக்குப் படித்துக் காட்டியே அவரை ஏமாற்றக் கற்றுக்கொண்டேன்.

பாடப்புத்தகம் போக, மின்னஞ்சலும் என் பொறுப்பில் இருந்தது. அவருடைய மென்பொருளுக்கு ஆங்கிலம் மட்டும்தான் தெரியும். தமிழ் எழுத்தைக் கண்டால் சத்தமே காட்டாமல் அடுத்த வரிக்குப் போய்விடும். அவருக்கு வந்த தமிழ்க் கடிதங்களோ பெரும்பாலும் ஒரே ஆளிடமிருந்து வந்தவை. பி.ஏ.யில் அவருடன் படித்த பெண். தேனியில் ஒரு பள்ளியில் ஆசிரியை. மாதம் ஒரு மின்னஞ்சல் எழுதுவார். வீட்டுக்கு இணைய இணைப்பு வருவதற்கு முந்திய காலம் அது. நாங்கள் பேருந்து நிறுத்தத்தின் அருகில் இருந்த பிரௌசிங் சென்டருக்குப் போவோம். இரண்டு பேர் உட்கார முடியாத பலகைத் தடுப்புக்குள் ஒட்டி உட்கார்ந்து, அவர் பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் நான் தட்டி, அந்தப் பெண்ணின் கடிதத்தை அவர் காதோரமாகப் படிப்பேன். எவ்வளவு மெதுவாகப் படித்தாலும் அடுத்த தடுப்பில் இருப்பவனுக்குக் கேட்கும். "நேற்று மழை பெய்தது, உங்கள் நினைவு வந்தது" என்று நான் ஒரு நாள் படிக்க, அந்தப் பக்கம் யாரோ தொண்டையைச் செருமினார்கள். அண்ணனுக்குக் காது வரை சிவந்துவிட்டது.

அன்று திரும்பி நடக்கையில் அவர் சொன்னார்: "கோவிச்சுக்கிராத மாப்ள. நீ நல்லாத்தான் படிக்கிற. ஆனா எனக்கு வந்த லெட்டர நானே படிக்கணும்யா. நல்லதோ கெட்டதோ, மொதல்ல எனக்குத்தான் தெரியணும். இது வரைக்கும் எனக்கு வந்த ஒண்ணு கூட மொதல்ல எனக்குத் தெரிஞ்சதில்ல." எனக்குக் கோபம் வரவில்லை. சற்று வருத்தமாக இருந்தது. இவ்வளவு செய்தும் இப்படிச் சொல்கிறாரே என்ற வருத்தம். அவருடைய ஆசை எவ்வளவு சின்னது, எவ்வளவு நியாயமானது என்று யோசிக்க எனக்குத் தோன்றவில்லை.

அந்தக் கோடையில் ஒரு கடிதம் வந்தது. விரிவுரையாளர் தகுதித் தேர்வுக்கு அண்ணன் மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்த மாதம். வழக்கமான நலம் விசாரிப்புகளுக்குப் பிறகு அந்தப் பெண் எழுதியிருந்தார்: வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள், கம்பத்தில் ஓர் இடம் அமையும் போலிருக்கிறது. அதற்கடுத்த வரி இது: "நீங்கள் ஒரு வார்த்தை எழுதினால் அப்பாவிடம் நானே பேசுவேன், எழுதாவிட்டால் உங்களுக்கு அப்படி ஓர் எண்ணம் இல்லை என்று எடுத்துக்கொள்வேன்." பிறகு, தேர்வுக்கு நன்றாகப் படியுங்கள், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று முடித்திருந்தார்.

நான் கம்பத்து மாப்பிள்ளை வரை படித்தேன். கண் அடுத்த வரிக்குப் போய்விட்டது. வாய் அதைத் தாண்டி, தேர்வுக்கு நன்றாகப் படியுங்கள் என்றது. ஒட்டுத் தெரியவே இல்லை.

ஏன் செய்தேன் என்று எத்தனையோ முறை என்னை நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். தேர்வு நேரத்தில் மனுஷன் மனசு கெடக் கூடாது என்று நினைத்தது உண்மை. அந்தப் பெண்ணின் வீட்டார் எப்படியும் சம்மதிக்கப் போவதில்லை, அவமானப்பட்டுத்தான் திரும்புவார் என்று நினைத்ததும் உண்மை. இதையெல்லாம் அக்கறை என்றுதான் அன்று எடுத்துக்கொண்டேன். அடியில் இன்னொன்று கிடந்தது. அவர் கல்யாணம் பண்ணிக்கொண்டு போய்விட்டால் அவருக்குப் படித்துக் காட்ட வீட்டில் ஆள் இருக்கும், நான் வேண்டியிருக்காது. நான் படித்து முடித்ததும் அண்ணன், "அம்புட்டுத்தானா?" என்றார். "அம்புட்டுத்தாண்ணே" என்றேன். பிறகு அவர் சொல்லச் சொல்லப் பதிலைத் தட்டினேன். நல்ல இடமாக இருந்தால் சந்தோஷம், தனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியதற்கு நன்றி. அதைப் படித்து அந்தப் பெண் என்ன நினைத்திருப்பார் என்று இப்போது எனக்குத் தெரியும். ஆவணியில் கல்யாணம் முடிந்தது. கல்யாணப் பத்திரிகை வந்திருந்தது, அதையும் நான்தான் படித்தேன்.

அதற்குப் பிந்திய மாதங்களில்தான் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் எங்கள் வாழ்க்கைக்குள் வந்தது. குற்ற உணர்வில் கொண்டுவந்து கொடுத்தேன் என்று எழுதினால் அழகாக இருக்கும், அது பொய். கல்லூரியில் கட்டற்ற மென்பொருள் பற்றி ஒரு கூட்டம் நடந்தது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திறந்து பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவனுக்குக் கொடுக்கலாம் என்று ஒருவர் பேசக் கேட்டு எனக்குத் தலைகால் புரியவில்லை. பார்ப்பவர்களிடமெல்லாம் அதையே பேசிக்கொண்டு திரிந்தேன். கூட்டத்தில் கொடுத்த லினக்ஸ் குறுவட்டில், பார்வையற்றவர்களுக்குத் திரையைப் படித்துச் சொல்லும் வசதி சேர்ந்தே வருகிறது என்று கேட்டதும் மாடிக்கு ஓடினேன்.

குறுவட்டைப் போட்டு, சொன்ன விசையை அழுத்தி, காத்திருந்தோம். கரகரவென்று ஓர் ஆங்கிலக் குரல் வரவேற்றது. அண்ணன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. குரல் நன்றாயில்லை என்று நினைக்கிறாரோ என்று எனக்குப் பதைப்பு. அவர் ஒரு கட்டுரையைத் திறந்து படிக்கவிட்டார். முப்பது நிமிடம் போயிற்று. முப்பத்தைந்து. கட்டுரை என்ன சொல்கிறது என்பதை இருவருமே கேட்கவில்லை. நாற்பதை நெருங்கும்போது அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு சற்றே முன்னால் குனிந்தார். நாற்பது தாண்டியது, நாற்பத்தைந்து, ஐம்பது, குரல் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்தது. அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். "நிறுத்தவே மாட்டேங்குது மாப்ள!" என்றார். அப்படி அவர் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பழையதையும் வைத்துக்கொண்டு இதையும் பக்கத்தில் போடலாம் என்று நான் யோசனை சொன்னேன். கூட்டத்தில் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "அது இருந்தா, இங்க ஒரு கஷ்டம் வந்தா ஒடனே அங்க ஓடிருவேன். தூக்கிரு." துடைத்துப் போட்டோம். கஷ்டங்கள் வரத்தான் செய்தன. ஒவ்வொரு புதுப்பிப்புக்குப் பிறகும் ஒலி போய்விடும். ஒலி போனால் அவருக்குக் கணினியே போனதற்குச் சமம். நான் கல்லூரியிலிருந்து வரும்வரை ஊமை இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருப்பார். ஒரு மாதம் இது நடந்தது. பிறகு அவரே, குரல் இல்லாவிட்டாலும் விரல் பழக்கத்தில் கட்டளைகளைத் தட்டி ஒலியை மீட்கக் கற்றுக்கொண்டார். இதற்குள் வீட்டுக்கு இணைய இணைப்பு வந்துவிட்டது. உலகத்தில் எங்கெங்கோ இருந்த பார்வையற்ற பயனர்கள் மின்னஞ்சலில் பேசிக்கொள்ளும் மடற்குழுவில் சேர்ந்து, உடைந்த ஆங்கிலத்தில் கேள்வி கேட்டார். நான் ஒரு பக்கம் லினக்ஸ் புகழ் பாடிக்கொண்டிருக்க, அவர் சத்தமில்லாமல் அதற்குள் குடியேறிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் கேட்டார்: "இது தமிழ் பேசுமா மாப்ள?"

பேசும். அந்தக் குரலுக்கான தமிழ்க் கோப்பு சோதனை நிலையில் வந்திருப்பதை முந்தின வாரம்தான் பார்த்திருந்தேன். அன்றே அவருக்குச் சொல்ல ஆசை ஆசையாய் மாடியேறியவன், பாதிப் படியில் நின்று திரும்பிவிட்டேன். இது தமிழ் பேசினால் பழைய கடிதங்களையும் பேசும். அது தாண்டிப் படிக்காது. இப்போது அவர் கேட்டதற்கு, "இன்னும் வரலண்ணே. வந்தா சொல்றேன்" என்றேன். வெறும் பதினைந்து நிமிட வேலை. மூன்று மாதம் இழுத்தடித்தேன்.

இன்னும் மோசமான ஒன்றையும் சொல்ல வேண்டும். பாஸ்வேர்டு எனக்குத் தெரியும். ஒரு மத்தியானம் பிரௌசிங் சென்டருக்குத் தனியாகப் போய் அவருடைய அஞ்சலைத் திறந்தேன். அந்தக் கடிதத்தைத் தேர்ந்தெடுத்து, அழிக்கும் பொத்தான்மேல் அம்புக்குறியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழிக்கவில்லை. நல்லவன் என்பதால் அல்ல. அந்தப் பெண் அவருக்கு எழுதியதில் கடைசி இது. ஒரு வரியை எடுத்தவன் இப்போது முழுவதையும் எடுக்கப் போகிறேனே என்று என்மேலேயே எனக்குப் பயம் வந்துவிட்டது.

மாசி மாதம் ஒரு மாலை கல்லூரியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது மாடியில் யாரோ தமிழ் பேசுவது கேட்டது. சளி பிடித்த குழந்தை வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி ஒரு குரல். அண்ணன் மடற்குழுவில் கேட்டிருக்கிறார், முகம் தெரியாத ஒருவர் கட்டளைகளை வரி வரியாக எழுதி அனுப்பியிருக்கிறார், இவர் தட்டிவிட்டார். "மாப்ள, வா வா! தமிழ் வந்திருச்சு!" என்று கூப்பிட்டார். என்மேல் அவருக்கு ஒரு சந்தேகமும் இல்லை. நான் தேடிப் பார்த்துக் கிடைக்காததைத் தான் கண்டுபிடித்துவிட்டதாகவே நினைத்தார். அம்மாவைக் கூப்பிட்டு அன்றைய செய்தித்தாளைப் படிக்கவைத்துக் காட்டினார். அம்மா, "பாவம், தொண்டை சரியில்லையே" என்றார்.

மறுநாளிலிருந்து பழைய கடிதங்களை முதலிலிருந்து படிக்கத் தொடங்கினார். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று. அவசரமே இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு, தனியாக. மொத்தம் எத்தனை கடிதங்கள் என்பது எனக்குத் தெரியும் என்பதால் எந்த நாளில் எது வரும் என்று கணக்குப் போட முடிந்தது. ஒன்பது பத்து நாட்கள் இருந்தன. அந்த நாட்களில் எந்த நிமிடத்திலும் நான் மாடியேறி நடந்ததைச் சொல்லியிருக்கலாம். முதலில் அவருக்குத் தெரிய வேண்டியதை, கடைசியிலாவது நான் சொல்லித் தெரியவைத்திருக்கலாம். படிக்கட்டு வரை போவேன், திரும்புவேன்.

ஒரு சனிக்கிழமை பிற்பகல் கூப்பிட்டார். குரலிலேயே தெரிந்துவிட்டது. அறையில் கணினி அமைதியாக இருந்தது. "உக்காரு. அந்தக் கடைசி லெட்டர் தெறந்திருக்கு. மிசின் படிச்சுக் கேட்டுட்டேன். இப்ப நீ படி" என்றார். படித்தேன். நலம் விசாரிப்பு, வீட்டில் மாப்பிள்ளை பார்ப்பது, கம்பம். பிறகு அந்த வரி. நிறுத்தினேன். அவர் காத்திருந்தார். ஒரு முறை தொடங்கி, விட்டு, மறுபடி தொடங்கி, முழுவதையும் படித்தேன். அந்த இயந்திரக் குரல் என்னைவிட நன்றாகவே படித்திருக்கும்.

"ஒங்க நல்லதுக்குத்தான்ணே…" என்று ஆரம்பித்தேன். கையை உயர்த்தி நிறுத்தினார். "நான் சரின்னு எழுதியிருப்பேனான்னு எனக்கே தெரியாது மாப்ள. பயந்துபோய் மாட்டேன்னுகூட எழுதியிருப்பேன். ஆனா அத நாந்தான எழுதணும்?" என்றார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அழுதேன். அது அவருக்குக் கேட்டிருக்கும். பிறகு நான்தான் கேட்டேன், அந்தப் பெண்ணுக்கு இப்போது எழுதப் போகிறாரா என்று. "அந்த முடிவாச்சும் என்னையப் பண்ண விடு. பண்ணிட்டேன். எழுதல" என்றார்.

அண்ணன் இப்போது ஓர் அரசுக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியர். கோச்சடையில் வீடு, மனைவி, ஒரு மகள். இன்றும் லினக்ஸ்தான். மாணவர்களின் கட்டுரைகளை அதில்தான் திருத்துகிறார். தமிழ்க் குரல் எவ்வளவோ மேம்பட்டுவிட்டது. ஊருக்கெல்லாம் அதைப் பரப்பிய நான், வேலை கொடுத்தவர்கள் கையில் திணித்த கணினியில் அவர்கள் போட்டுத்தந்ததை வைத்துக்கொண்டு சென்னையில் காலம் தள்ளுகிறேன். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பேசிக்கொள்கிறோம். என் அம்மா இறந்தபோது முதல் பேருந்தில் வந்துவிட்டார். அந்தக் கடிதத்தைப் பற்றி ஒருநாளும் அவர் பேசியதில்லை. மன்னித்துவிட்டாரா என்று கேட்கும் துணிச்சல் எனக்கு வந்ததில்லை. கேட்டால், அதையும் என் நிம்மதிக்காகத்தான் கேட்கிறேன் என்று கண்டுபிடித்துவிடுவார்.

அந்தச் சனிக்கிழமை நான் எழுந்து போவதற்கு முன் அவர் சொன்ன கடைசி வார்த்தை, "மாப்ள, பாஸ்வேர்ட மாத்தப் போறேன்" என்பது. "மாத்துங்கண்ணே" என்றேன். விசைப்பலகையின் மேல் விரல்களை வைத்தார். ஆனால் தட்டவில்லை. நான் எங்கே பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று அவருக்குத் தெரிய வழியில்லை. இத்தனை ஆண்டுகளாகத் தெரிய வழியில்லாமல்தான் இருந்திருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. போ என்று அவர் சொல்லவில்லை. நானாக எழுந்து வெளியே வந்தேன், கதவைச் சத்தம் கேட்கும்படி சாத்தினேன், "வெளியதாண்ணே நிக்கிறேன்" என்று சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கணினி, புதுப் பாஸ்வேர்டின் ஒவ்வோர் எழுத்தையும் மறைத்து, ஸ்டார், ஸ்டார் என்று சொல்லத் தொடங்கியது. எத்தனை என்று எண்ணிவிடுவேனோ என்று பயந்து வேகமாகக் கீழே இறங்கிவிட்டேன்.